டோரண்ட் மட்டும் நகரவில்லையா? பிராட்பேண்ட் நிறுவனம் வேகத்தைக் குறைக்கிறதா என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி?

"அண்ணே, நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு."

"ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாத்தியா தம்பி?"

"அதுல 40 காட்டுதுண்ணே. யூடியூப்பும் நல்லாத்தான் ஓடுது. டோரண்ட் மட்டும்தான் நகரவே மாட்டேங்குது."

"அப்ப லைன்ல ஒண்ணும் பிரச்சினை இல்லப்பா."

கேபிள் டிவி இணைப்பு கொடுத்தவரே இன்டர்நெட் இணைப்பும் கொடுக்கும் ஊர்களில் இது வழக்கமாகக் கேட்கிற பேச்சு. புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பேச்சு இப்படித்தான் முடியும். வாடிக்கையாளருக்குச் சந்தேகம் தீராது. கேபிள்காரருக்கோ பதில் சொல்லிவிட்ட திருப்தி.

இதில் இரண்டு பேர் சொல்வதுமே உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு. லைனில் கோளாறு இல்லாமலேயே ஒரு வகைப் போக்குவரத்தை மட்டும் மெதுவாக்க நிறுவனத்தால் முடியும். அதேபோல, நிறுவனம் எதுவுமே செய்யாமல் டோரண்ட் தானாக மெதுவாவதற்கும் அரை டஜன் காரணங்கள் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி. பிரிக்காமல் புகார் கொடுத்தால், மேலே உள்ள பதிலே திரும்பவும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

டோரண்ட் என்றதும் பலருக்கும் தமிழ்ராக்கர்ஸும் புதுப்படமும்தான் நினைவுக்கு வரும். உரிமை இல்லாமல் படத்தை இறக்குவதும் பகிர்வதும் சட்டவிரோதம். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் டோரண்ட் என்பது கோப்புகளைப் பகிரும் ஒரு முறை மட்டுமே. 2001-ல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க புரோகிராமர் உருவாக்கியது. ஒரு பெரிய கோப்பை ஒரே சர்வரில் இருந்து இழுக்காமல், அதை ஏற்கெனவே வைத்திருக்கும் பலரிடம் இருந்து துண்டு துண்டாக வாங்கிச் சேர்ப்பதுதான் அதன் வேலை. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் மென்பொருள்கள் அதிகாரபூர்வமாகவே டோரண்டில் கிடைக்கின்றன. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் உள்ள பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பிரதிகளையும் டோரண்ட் வழியாக இறக்கிக்கொள்ளலாம். திருக்கோகர்ணத்தில் ஞானாலயா போன்ற ஆய்வு நூலகம் இருக்கும் ஊரில், பழைய நூல்களைத் தேடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 நவம்பர் 28 அன்று இணையச் சமநிலை குறித்த பரிந்துரைகளை வெளியிட்டது. தொலைத்தொடர்புத் துறை அவற்றை 2018 ஜூலையில் ஏற்று, அதே ஆண்டு செப்டம்பரில் இணையச் சேவை நிறுவனங்களின் உரிம நிபந்தனைகளிலேயே சேர்த்தது. அதன்படி, உள்ளடக்கத்தைத் தடுப்பது, தரம் குறைப்பது, வேகத்தைக் குறைப்பது, சிலவற்றுக்கு மட்டும் கூடுதல் வேகம் கொடுப்பது எல்லாமே பாகுபாடு. யார் அனுப்புகிறார், யார் பெறுகிறார், எந்தக் கருவி என்பதோடு, எந்த நெட்வொர்க் நெறிமுறை என்பதை வைத்தும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. பிட்டோரண்ட் ஒரு நெறிமுறை. ஆக, "டோரண்ட் என்பதாலேயே மெதுவாக்கினோம்" என்று ஒரு நிறுவனம் சொல்ல முடியாது.

விலக்குகளும் உண்டு. நியாயமான போக்குவரத்து மேலாண்மை, அவசரகாலச் சேவை, நீதிமன்ற அல்லது அரசு உத்தரவு ஆகியவை அதில் வரும். 'நியாயமான' என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில்தான் சண்டையே.

பைபிளை வைத்துப் பிடித்த கதை

ஒரு நிறுவனம் கோப்புப் பகிர்வை ரகசியமாக முடக்கியது கையும் களவுமாகப் பிடிபட்ட சம்பவம், 2007-ல் அமெரிக்காவில் நடந்தது. எப்படிப் பிடித்தார்கள் என்பது இன்றைக்கும் பயன்படும் பாடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ராப் டோபோல்ஸ்கி என்ற மென்பொருள் சோதனைப் பொறியாளருக்கு, நான்கு பேர் சேர்ந்து பாடும் 'பார்பர்ஷாப்' வகைப் பழைய பாடல்கள் மேல் ஆசை. காப்புரிமை முடிந்த அந்தக் காலத்துப் பாடல்களை அவர் இணையத்தில் பகிர்ந்துகொள்வார். ஒரு கட்டத்தில் அவரது கணினியில் இருந்து மற்றவர்களுக்குக் கோப்பு போகவே மறுத்தது. மற்ற எல்லாம் சரியாக ஓடின. வேறு யாராவது இருந்தால் கணினியை ஃபார்மட் செய்திருப்பார்கள். இவர் சோதனைப் பொறியாளர் ஆயிற்றே! பாக்கெட்டுகளைப் பதிவு செய்து பார்த்தார்.

இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும்போது, "பேச்சு முடிந்தது, வைத்துவிடு" என்று சொல்ல 'ரீசெட்' என்ற சின்ன பாக்கெட் ஒன்று உண்டு. அவருடைய இணைப்புகளில் இந்த ரீசெட் பாக்கெட்டுகள் கொட்டிக்கொண்டிருந்தன. எதிர்முனையில் இருப்பவர் இணைப்பைத் துண்டிப்பதுபோல அவை தெரிந்தன. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் அப்படி எதையும் அனுப்பவில்லை. நடுவில் இருந்த காம்காஸ்ட் நிறுவனம்தான் இரண்டு பக்கமும், மற்றவர் பெயரில், போலி பாக்கெட் அனுப்பிக்கொண்டிருந்தது. போனில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் எக்ஸ்சேஞ்சுக்காரர் புகுந்து, ஒருவர் குரலில் மற்றவரிடம் "சரி, வெச்சிடறேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதேதான்.

அந்த ஆண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானே சோதித்துப் பார்த்தது. சோதனைக்கு அது எடுத்துக்கொண்ட கோப்பு கிங் ஜேம்ஸ் பைபிள். திருட்டுப் படத்தைத்தான் தடுத்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? எலெக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து ஒப்பிட்டது. ஒரு முனை அனுப்பாத பாக்கெட் மறுமுனைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதற்கு மேல் மறுக்க இடமில்லை.

2008 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 3-க்கு 2 என்ற வாக்கில் காம்காஸ்ட் செய்தது தவறு என்றது. ஆனால் 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதற்குள் காம்காஸ்ட் தன் முறையை மாற்றிக்கொண்டிருந்தது.

சென்னை ஐஐடி மாணவரின் பங்கு

டோபோல்ஸ்கி செய்ததை எல்லோராலும் செய்ய முடியாது. இதற்கு எளிய வழி கண்டுபிடித்தவர்கள் ஜெர்மனியில் உள்ள மேக்ஸ் பிளாங்க் மென்பொருள் ஆய்வு நிறுவனத்தினர். அந்தக் குழுவில் இருந்த கிருஷ்ணா கும்மடி, சென்னை ஐஐடியில் பி.டெக் படித்தவர். 2008-ல் 'கிளாஸ்நோஸ்ட்' என்ற சோதனையை அவர்கள் வெளியிட்டார்கள். பிரௌசரில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

அதன் உத்தி மிக எளிமையானது. ஒரே சர்வருக்கும் ஒரே வீட்டுக்கும் நடுவே, அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களை அனுப்ப வேண்டும். அளவு, பாக்கெட் வரிசை எல்லாமே ஒன்று. ஒன்றில் உண்மையான பிட்டோரண்ட் பேச்சு இருக்கும். மற்றதில் அர்த்தமில்லாத எழுத்துகள். பாதை ஒன்று, நேரம் ஒன்று, எடை ஒன்று. முதலாவது மட்டும் மெதுவாகப் போனால், யாரோ உள்ளே எட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள் என்று அர்த்தம்.

எட்டிப் பார்ப்பது கஷ்டமும் இல்லை. பிட்டோரண்ட் இணைப்பு தொடங்கும்போது 19 என்ற எண்ணை அனுப்பி, அதைத் தொடர்ந்து 'பிட்டோரண்ட் புரோட்டோகால்' என்று ஆங்கிலத்தில் 19 எழுத்தில் தன் பெயரையே சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். நெற்றியில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு தெருவில் போவதுபோல.

கிளாஸ்நோஸ்ட் 2008-ல் நடத்திய முதல் கட்ட ஆய்வில், அமெரிக்காவின் காம்காஸ்ட், காக்ஸ் ஆகியவற்றோடு சிங்கப்பூரின் ஸ்டார்ஹப் நிறுவனமும் சிக்கியது. நெரிசல் நேரத்தில் மட்டுமல்ல, நாள் முழுவதும் தடுப்பு இருந்தது தெரிந்தது. 'நெரிசலைச் சமாளிக்கத்தான் செய்கிறோம்' என்ற வழக்கமான சமாதானம் அங்கே அடிபட்டுப் போனது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 3.5 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தச் சோதனையைப் பயன்படுத்தினார்கள்.

கிளாஸ்நோஸ்ட் இப்போது இயங்குவதில்லை. அதன் வாரிசு என்று சொல்லத்தக்கது, அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சோஃப்னஸ் குழு உருவாக்கிய 'வீஹி' என்ற மொபைல் ஆப். பிரான்ஸ் நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமே இதைத் தன் மக்களுக்குப் பரிந்துரைக்கிறது. ஆனால் அது முக்கியமாக யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்ற வீடியோ, இசை ஆப்களைச் சோதிக்கத்தான். டோரண்டுக்கு இன்றைக்கு நீங்களே கையால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பழி போடுவதற்கு முன்

அதற்கு முன்னால், நிறுவனத்தின் மேல் தப்பில்லாத காரணங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட வேண்டும். பெரும்பாலான புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் கணக்கு. ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு இத்தனை மெகாபிட். டோரண்ட் மென்பொருள் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் டோரண்ட் விநாடிக்கு 5 எம்பி காட்டினால் அது முழு வேகம். "நாப்பது தர்றேன்னு சொல்லிட்டு அஞ்சுதான் தர்றாங்க" என்று சண்டைக்குப் போனால் அவமானம்தான் மிஞ்சும்.

அடுத்தது, கோப்பை வைத்திருப்பவர்கள். 'சீடர்' எனப்படும் அவர்கள் இரண்டே பேர்தான் என்றால், அவர்கள் வீட்டு அப்லோடு வேகம்தான் உங்கள் டவுன்லோடு வேகம். யூடியூப் நன்றாக ஓடுவதை இதற்கு எதிர்ச்சாட்சியாகச் சொல்ல முடியாது. யூடியூப் வீடியோக்களின் நகல்களைக் கூகுள் பல இணைய நிறுவனங்களின் நெட்வொர்க்குக்கு உள்ளேயே சர்வர் வைத்துச் சேமித்திருக்கிறது. டோரண்ட் துண்டுகள் எங்கோ போலந்தில் இருந்தும் பிரேசிலில் இருந்தும் வர வேண்டும்.

மூன்றாவது, சிறிய ஊர்களில் அதிகம் தென்படுவது, ஆனால் அதிகம் பேசப்படாதது: பங்கு போட்ட ஐபி முகவரி. பழைய வகை ஐபி முகவரிகள் தட்டுப்பாடு என்பதால், பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. இதை 'சிஜிநாட்' என்பார்கள். அப்பார்ட்மென்டில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே காலிங் பெல் இருப்பதுபோல. நீங்கள் வெளியே போகலாம். ஆனால் வெளியில் இருந்து உங்களைத் தேடி வருகிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது. டோரண்டில் பாதி இணைப்புகள் அப்படித் தேடி வருபவைதான்.

இதைப் பார்ப்பது சுலபம். ரூட்டரின் பக்கத்தைத் திறந்து 'வேன் ஐபி' என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்று பிரௌசரில் அடித்தால் அந்தப் பக்கம் வரும். எண் 100.64 முதல் 100.127 வரையிலான எதிலாவது தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இது வேகக் குறைப்பு இல்லை. தனி ஐபி வேண்டும் என்று கேட்டால் கூடுதல் கட்டணத்துக்குத் தருவார்கள். ஐபிவி6 வசதியை ரூட்டரில் ஆன் செய்தாலும் ஓரளவு சரியாகும்.

நான்காவது கொஞ்சம் வேடிக்கையானது. இன்றைய டோரண்ட் மென்பொருள்கள் 'யூடிபி' என்ற போக்குவரத்து முறையைப் பயன்படுத்துகின்றன. லைனில் தாமதம் கூடினால் தானாகவே ஒதுங்கி மற்றவற்றுக்கு வழிவிடும்படி அது வடிவமைக்கப்பட்டது. வீட்டில் ஒருவர் கிரிக்கெட்டும் இன்னொருவர் சீரியலும் பார்த்துக்கொண்டிருந்தால், டோரண்ட் மரியாதையாக ஓரம் கட்டி நிற்கும். யாரும் அதை நிறுத்தவில்லை.

கடைசியாக எஃப்யூபி. 'அன்லிமிடெட்' என்று விளம்பரம் செய்யப்படும் பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி போன்ற ஒரு வரம்பு சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் எல்லாமே மெதுவாகும், டோரண்ட் மட்டுமல்ல. வரம்பு முடிந்த பிறகும் நொடிக்கு 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று டிராய் 2016-ல் சொன்னது. 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்று அழைப்பதற்கான குறைந்தபட்ச வேகமே 2 எம்பிபிஎஸ் ஆக்கப்பட்டது.

இரவு 8 மணிக்கு மேல் எல்லாமே இழுத்தால் அது நெரிசல். ஒரே பைப்பைப் பல வீடுகள் பகிர்கின்றன. வீட்டு இணைப்புகளில் அந்தப் பகிர்வு 1-க்கு 50 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது டிராய் 2009-ல் கொடுத்த வழிகாட்டுதல். நெரிசலும் புகாருக்கு உரியதுதான். ஆனால் அது வேறு புகார்.

சோதனையை எப்படிச் செய்வது?

போன் வேண்டாம்; கணினி அல்லது லேப்டாப்பை ரூட்டரில் கேபிள் போட்டு இணையுங்கள். வீட்டில் மற்ற கருவிகளின் வைஃபையை அணைத்துவிடுங்கள். "அரை மணி நேரம் யாரும் நெட்டைத் தொடாதீங்க" என்று வீட்டில் சொல்வதுதான் இந்தச் சோதனையிலேயே கஷ்டமான கட்டம்.

கோப்பு, டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸாக இருக்கட்டும். காரணங்கள் மூன்று. சட்டபூர்வமானது, உலகம் முழுவதும் ஏராளமான சீடர்கள் உண்டு என்பதால் 'ஆள் இல்லை' என்ற சாக்கு எடுபடாது, அதே கோப்பு சாதாரண இணைப்பு வழியாகவும் கிடைக்கும். புகாரோடு நாளைக்கு ஸ்கிரீன்ஷாட் இணைக்கப் போகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் போன வெள்ளிக்கிழமை ரிலீஸான படத்தின் பெயர் இருந்தால், பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

முதல் ஓட்டம்: கோப்பை பிரௌசரில் சாதாரணமாக இறக்குங்கள். இரண்டாவது: அதே கோப்பை டோரண்டில் இறக்குங்கள். குயூபிட்டோரண்ட் போன்ற இலவச மென்பொருளில், அமைப்புகளுக்குப் போய் இணைப்பு முறையை 'டிசிபி' மட்டும் என்று வையுங்கள். முன்னால் சொன்ன ஓரம் கட்டும் பழக்கம் அப்போது குறுக்கே வராது. என்கிரிப்ஷனை 'டிசேபிள்' செய்யுங்கள். இப்போது அது நெற்றியில் பெயரோடு போகும். மூன்றாவது ஓட்டத்தில் ஒரே ஒரு மாற்றம்: என்கிரிப்ஷனை 'ரிக்வயர்' என்று மாற்றுங்கள். பெயர் மறைந்துவிடும். மற்றதெல்லாம் அப்படியே.

நான்காவதாக, விபிஎன் வழியாக அதே டோரண்ட். விபிஎன் போட்டால் எல்லாமே ஒரு மூடிய உறைக்குள் போகும். உள்ளே டோரண்டா, மின்னஞ்சலா என்று நிறுவனத்துக்குத் தெரியாது. சுற்றிப் போகிற வழி என்பதால் வேகம் கொஞ்சம் குறையத்தான் வேண்டும். கூடினால் யோசிக்க வேண்டிய விஷயம். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது சட்டவிரோதம் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்ட பிறகு, சில விபிஎன் நிறுவனங்கள் தங்கள் இந்திய சர்வர்களை எடுத்துவிட்டன.

இந்த நான்கையும் ஒரே முறை செய்தால் போதாது. விடியற்காலை 5 மணி, மதியம், இரவு 9 மணி என்று மூன்று வேளை, குறைந்தது மூன்று நாள் செய்யுங்கள். வரிசையையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நேரம், வேகம், சீடர் எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஒப்பிடும்போது சராசரி எடுக்கத் தோன்றும். எடுக்க வேண்டாம். ஒவ்வொரு வகையிலும் கிடைத்த அதிகபட்ச வேகத்தை எடுங்கள். கிளாஸ்நோஸ்ட் குழுவினர் பயன்படுத்திய தந்திரம் இது. நெரிசலோ, தூரமோ, மோசமான சீடரோ வேகத்தைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. ஆகவே பத்து முறையில் ஒரு முறையாவது தடையில்லாமல் ஓடியிருந்தால், அந்த உச்சம்தான் அந்த லைனின் உண்மையான வலு. வேண்டுமென்றே போட்ட கட்டுப்பாடோ கூரை மாதிரி. விடியற்காலையிலும் சரி, நள்ளிரவிலும் சரி, தலை அதிலேயே போய் இடிக்கும்.

உதாரணத்துக்கு, 40 எம்பிபிஎஸ் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டவுன்லோடின் உச்சம் 38. பெயரோடு போன டோரண்டின் உச்சம் மூன்று நாளிலும் 4-ஐத் தாண்டவில்லை. என்கிரிப்ஷன் போட்டதும் 35. இது வலுவான ஆதாரம். முதலாவது 38, டோரண்ட் எப்படிப் போட்டாலும் விடியற்காலையில் 34, இரவில் எல்லாமே 9 என்றால், அது நெரிசல், பாகுபாடு இல்லை. டோரண்ட் இரண்டு வகையிலும் 4, விபிஎன்னில் மட்டும் 30 என்றால் பதில் சிக்கலானது. என்கிரிப்ஷனையும் மீறி நடத்தையை வைத்தே டோரண்டை அடையாளம் காணும் கருவிகள் உண்டு. அதேசமயம், விபிஎன் உங்களை சிஜிநாட்டில் இருந்தும் மோசமான பாதையில் இருந்தும் விடுவித்திருக்கலாம். விபிஎன் முடிவை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டினால் நிற்காது.

இன்னும் ஒரு படி போக விரும்புகிறவர்கள், திருச்சியிலோ மதுரையிலோ வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்து, இரண்டு பக்கமும் 'வயர்ஷார்க்' என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யலாம். இதற்கு இருவரில் ஒருவரிடமாவது தனி ஐபி இருக்க வேண்டும். நண்பர் அனுப்பாத ரீசெட் உங்களுக்கு வந்திருந்தால், 2007-ன் கதைதான்.

மெதுவாக்குவது வேறு, தடுப்பது வேறு

ஒரு டோரண்ட் தளம் திறக்கவே இல்லை என்றால் அது வேகக் குறைப்பு இல்லை, தடை. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். தமிழ்நாட்டுக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு.

'ஒய் திஸ் கொலவெறி' பாட்டால் உலகம் முழுக்கத் தெரிந்த '3' படத்துக்காக, ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ் 2012-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், யார் என்று தெரியாதவர்களுக்கும் சேர்த்துத் தடை உத்தரவு பெற்றது. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, இணைய நிறுவனங்கள் மே மாதத்தில் தி பைரேட் பே மட்டுமல்ல, விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையும் முழுமையாகப் பூட்டிவிட்டன. சுட்டு அனுப்பிய தோசை ஒன்று கருகியதற்கு ஹோட்டலையே மூடிய கதை. ஜூன் 22 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளைத்தான் தடுக்கலாம், தளம் முழுவதையும் அல்ல.

ஆகவே, தளம் திறக்கவில்லை என்பதை வேகச் சோதனையின் முடிவாக எழுத வேண்டாம். நீதிமன்ற உத்தரவின்படி தடுப்பது உரிம நிபந்தனையில் விலக்கு பெற்றது. லினக்ஸ் கோப்பை மெதுவாக்க எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

ஆதாரம் கிடைத்தால் யாரிடம் போவது?

பில் வசூலிக்க வரும் கேபிள்காரரிடம் கோபப்படுவதில் பயனில்லை. பல இடங்களில் அவர் பிஎஸ்என்எல்லுக்கோ தனியார் நிறுவனத்துக்கோ வருமானப் பங்கில் வேலை செய்பவர். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான், உரிமம் பெற்ற நிறுவனத்தின் மையத்தில் இருக்கும். மாவட்ட அளவில் 'சி' பிரிவு உரிமம் எடுத்து நேரடியாக நடத்துபவர்களும் உண்டு; அப்போது மட்டும் அவரே பதில் சொல்ல வேண்டியவர். பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்குங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். "பிட்டோரண்ட் நெறிமுறைக்கு உங்கள் நெட்வொர்க்கில் வேகக் கட்டுப்பாடு இருக்கிறதா? எழுத்துபூர்வமாகப் பதில் வேண்டும்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள், சோதனை அட்டவணையை இணையுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது டிராய் விதி. இணைப்பு பிஎஸ்என்எல் என்றால் கூடுதலாக ஒரு வசதி: அது பொதுத்துறை நிறுவனம் என்பதால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ மனுவும் போடலாம்.

டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளம் வழியாகப் புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதையும் தாண்டினால் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புச் சேவை குறித்த வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாமா என்ற நீண்ட காலக் குழப்பத்தை, 2022 பிப்ரவரி 16 அன்று வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: விசாரிக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். அதாவது புதுக்கோட்டை மாவட்ட ஆணையத்திலேயே. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை ஏற்பட்ட நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதால், நோட்டில் எழுதிய வேகக் கணக்கு, ஸ்கிரீன்ஷாட், புகார் எண், பில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.